டர்ன் முடிந்ததும் அடிபட்ட கரடி சாகுமா? (ஏற்காட்டில் ஆரம்பித்த சண்டை)

அஸ்தம்பட்டி:

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு போயிருந்தோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிடித்த மழை நிற்கவே இல்லை. ஏரிக்குப் போக முடியவில்லை, பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். நானும் மச்சானும் தங்கியிருந்த வீட்டு வராந்தாவில் மேஜிக் தி கேதரிங் (மிருகச் சீட்டும் மந்திரச் சீட்டும் வைத்து மோதும் ஆட்டம்) சீட்டுகளை விரித்தோம்.

நடந்தது இதுதான். என்னிடம் கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடிச் சீட்டு, 2/2, அதாவது இரண்டு அடிக்கும், இரண்டு அடி வாங்கினால் சாகும். அதை வைத்து அட்டாக் செய்தேன். மச்சான் ஹில் ஜயண்ட், 3/3, வைத்து பிளாக் செய்தார். அவர் பிளாக் சொன்ன பிறகு நான் ஜயண்ட் க்ரோத் என்ற மந்திரச் சீட்டு போட்டேன். டர்ன் முடியும்வரை +3/+3. கரடி 5/5 ஆகிவிட்டது. ஹில் ஜயண்ட் செத்தது. கரடி மூன்று டேமேஜ் வாங்கிக்கொண்டு நின்றது. இதுவரை சண்டை இல்லை.

"என் டர்ன் முடிந்தது" என்றேன். மச்சான் விடவில்லை. "ஜயண்ட் க்ரோத் போய்விட்டது, கரடி மறுபடியும் 2/2. மூன்று அடி வாங்கியிருக்கிறது. எடுத்து கிரேவ்யார்டில், செத்த சீட்டுக் குவியலில், வை" என்றார். அடியும் சேர்ந்தே போய்விடும் என்றேன். "எது முதலில் போகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது ஹேர்பின் வளைவும் இறங்கி கோரிமேடு வந்து சேரும்வரை இதே பேச்சுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை:

கரடி பிழைக்கும். நீங்கள் சொன்னதுதான் சரி.

டர்னின் கடைசியில் கிளீன்அப் ஸ்டெப் என்று ஒன்று இருக்கிறது. அதில் முதல் வேலை, கையில் ஏழுக்கு மேல் சீட்டு இருந்தால் மிச்சத்தைப் போடுவது. இரண்டாவது வேலைதான் உங்கள் சண்டைக்குப் பதில். கிரியேச்சர்கள் (மிருகம், ஆள் போன்ற சீட்டுகள்) மேலிருக்கும் டேமேஜ் எல்லாம் அழிவதும், "டர்ன் முடியும்வரை" என்று போட்டவை எல்லாம் முடிவதும் ஒரே நொடியில் நடக்கும். விதிப்புத்தகத்தில் 514.2. எது முதலில் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. 2/2 கரடியின் மேல் மூன்று அடி என்ற நிலை ஒரு கணம்கூட வருவதில்லை.

காப்பித்தோட்டம்:

நான் ஏற்காட்டிலேயே இருக்கிறேன். நீங்கள் வந்த அன்று இங்கே சாயங்காலம் ஆறு மணி வரை மழை.

எனக்கு மச்சான் பக்கம்தான் மனசு போகிறது. போகிமான் சீட்டில் வளர்ந்தவன் நான். அங்கே அடி என்றால் அடி. 1996-ல் ஜப்பானில் வந்த முதல் செட்டின் சாரிஸார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 120 ஹெச்பி, அதாவது 120 அடி வரை தாங்கும் கணக்கு; தண்ணீர் என்றால் பலவீனம். 40 அடிக்கிற தண்ணீர் அட்டாக் ஒன்று விழுந்தால் இரட்டிப்பாகி 80. பத்துக்கு ஒன்று என்று எட்டு கவுண்டர் (காயத்தைக் குறிக்கும் வில்லை) சீட்டின் மேல் ஏறிவிடும். டர்ன் முடிந்தாலும் இறங்காது. பயந்து பெஞ்சுக்கு, அதாவது பின்வரிசைக்கு, இழுத்தாலும் இறங்காது. மருந்துச் சீட்டு ஏதாவது போட்டால்தான் குறையும்.

எவால்வ் ஆகி அடுத்த உருவம் எடுத்தாலும் காயம் கூடவே வரும். 50 ஹெச்பி சார்மேண்டர் 30 அடி வாங்கியபிறகு 80 ஹெச்பி சார்மீலியன் ஆனால் அந்த 30 அப்படியே இருக்கும், மிச்சம் 50. தூக்கம், விஷம் மாதிரி நிலைமைகள் மட்டும் போய்விடும்.

அடிபட்ட மிருகம் மறுநாள் காலையில் காயமே இல்லாமல் எழுந்து நிற்பது எனக்கு இன்னும் மனசுக்கு ஒட்டவில்லை. மேஜிக்கில் ஏன் அப்படி வைத்தார்கள்?

நாலுரோடு:

இந்தக் கேள்விக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொஞ்சம் நீளமாக வரும்.

மேஜிக் 1993-ல் வந்தது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தார். கிரியேச்சர் சீட்டின் கீழ் மூலையில் சாய்கோடு போட்டு இரண்டு எண். முதல் எண் பவர், அது எவ்வளவு அடிக்கும். இரண்டாவது டஃப்னஸ், எவ்வளவு தாங்கும். புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 3/3 இரண்டு அடி வாங்கினால் "இப்போது இது 3/1" என்று சொல்லிவிடுவார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஆடினேன்.

அது 3/1 இல்லை. அது 3/3-தான். அதன் பக்கத்தில் இரண்டு அடி என்ற குறிப்பு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டேமேஜ் எந்த எண்ணையும் கழிப்பதில்லை. ஆட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: சேர்ந்த அடி டஃப்னஸைத் தொட்டுவிட்டதா? தொட்டுவிட்டால் கிரியேச்சர் அழியும். இல்லாவிட்டால் முழு ஆளாக நிற்கும்.

சாகும் இடம் ஒன்றுதானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். டோரன் என்று ஒரு சீட்டு இருக்கிறது, 2007-ல் லோர்வின் செட்டில் வந்தது. 0/5. அது களத்தில் இருந்தால் எல்லாக் கிரியேச்சரும் பவருக்குப் பதில் டஃப்னஸ் அளவுக்கு அடிக்கும். அந்த டோரன் மேல் மூன்று அடி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். அடுத்து அது எவ்வளவு அடிக்கும்? கழித்துப் பார்க்கிறவர் இரண்டு என்பார். சரியான பதில் ஐந்து. டஃப்னஸ் ஐந்தாகவே இருக்கிறது.

இப்போது காப்பித்தோட்டம் கேட்டதற்கு வருகிறேன். போகிமானும் இதே முறைதான் என்பதைக் கவனித்தீர்களா? அங்கேயும் 120 என்று அச்சடித்த எண் மாறுவதில்லை. கவுண்டர்தான் பக்கத்தில் ஏறுகிறது. இரண்டு ஆட்டத்துக்கும் வித்தியாசம், அந்தக் குறிப்பை எப்போது துடைப்பது என்பதில் மட்டும்தான். மேஜிக் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் துடைக்கிறது. போகிமான் வைத்திருக்கிறது.

என் கணிப்பில் காரணம் களத்தின் அளவு. போகிமானில் முன்னால் நிற்பது ஒன்று, பெஞ்சில் ஐந்து. ஆறு சீட்டுக்குக் கவுண்டர் வைப்பது சிரமமில்லை. மேஜிக்கில் கிரியேச்சருக்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு பக்கம் பதினைந்து கோப்ளின் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நேற்றைய காயம், முந்தாநாள் காயம் என்று கணக்கு வைத்தால் ஆட்டமே கணக்குப்பிள்ளை வேலை ஆகிவிடும். 2014-ல் வந்த ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தில் காயம் அப்படியே தங்குகிறது, ஆனால் அங்கே கணினி கணக்கு வைத்துக்கொள்கிறது.

துடைப்பதால் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. போகிமானில் பெரிய மிருகத்தை இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று அரித்துத் தின்னலாம். மேஜிக்கில் 6/6-ஐ அப்படிச் செய்ய முடியாது. அதைக் கொல்ல வேண்டிய முழு அடியும் ஒரே டர்னில் வந்தாக வேண்டும். அதனால்தான் இரண்டு பேர் சேர்ந்து பிளாக் செய்வது, பிளாக் செய்துவிட்டு மேலே லைட்னிங் போல்ட் போடுவது எல்லாம் அங்கே அவ்வளவு முக்கியம். ஒரு சிவப்பு மானாவுக்கு (சீட்டுப் போடக் கொடுக்கும் விலை) மூன்று அடி கொடுக்கும் போல்ட் தனியாக 6/6-ஐ ஒன்றும் செய்யாது. 3/3 ஒன்று பிளாக் செய்து மூன்று அடி கொடுத்த பிறகு அதே போல்ட் அதைக் கொன்றுவிடும்.

அஸ்தம்பட்டி:

நாலுரோடு அண்ணா, மச்சானுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு சந்தேகம். ஜயண்ட் க்ரோத்துக்குப் பதிலாக கரடி மேல் ஹோலி ஸ்ட்ரெங்த் என்ற, டர்ன் முடிந்தாலும் போகாத சீட்டு ஒட்டியிருந்து, அதை யாராவது உடைத்தால்?

நாலுரோடு:

நல்ல கேள்வி. இங்கே மச்சான் ஜெயிப்பார்.

ஹோலி ஸ்ட்ரெங்த் கரடிக்கு +1/+2 கொடுக்கும். 3/4. உங்கள் டர்னில் அட்டாக் செய்து அதே ஹில் ஜயண்ட்டிடம் மூன்று அடி வாங்கியது. ஜயண்ட் செத்தது, கரடி நிற்கிறது. சண்டை முடிந்த பிறகு, டர்ன் முடிவதற்குள், மச்சான் டிஸென்சான்ட் என்ற அழிப்புச் சீட்டு போட்டு ஹோலி ஸ்ட்ரெங்த்தை அழிக்கிறார். கரடி இப்போது 2/2. மூன்று அடி இன்னும் துடைக்கப்படவில்லை. உடனே சாகும்.

அதே டிஸென்சான்ட்டை அவர் தன் டர்ன் வரும்வரை வைத்திருந்து போட்டால் கரடி வெறும் 2/2 ஆகும், ஆனால் சாகாது. அடி முந்தின டர்னோடு போய்விட்டது.

எண்ட் ஸ்டெப்பையும் மறந்துவிடாதீர்கள். கிளீன்அப்புக்கு முந்தியது அது. அப்போதும் காயம் இருக்கிறது. "எண்ட் ஸ்டெப்பில் ஒன்று போடுகிறேன்" என்று எதிராளி சொன்னால், அடிபட்ட உங்கள் ஆளை நோக்கித்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் ரோடு:

நாலுரோடு சொன்னதில் ஒரு திருத்தம். சண்டையில் டேமேஜ் உடனே விழாது. முதலில் ஸ்டாக்கில், அதாவது இன்னும் நடக்காதவை காத்திருக்கும் வரிசையில், ஏறும். ஏறிய பிறகு இரண்டு பேரும் இன்ஸ்டன்ட் (நடுவிலும் போடக்கூடிய மந்திரச் சீட்டு) போடலாம், அப்புறம்தான் விழும். ஆகவே அந்தக் கரடி ஆட்டத்தில் அடி ஸ்டாக்கில் இருக்கும்போதே ஜயண்ட் க்ரோத் போட்டிருக்கலாம். கரடி இரண்டுதான் அடிக்கும், ஆனால் பிழைத்துக்கொள்ளும்.

மாக் ஃபனாடிக் வைத்து நாங்கள் இதைத்தான் செய்வோம். 1/1. அதைப் பலி கொடுத்தால் எங்கே வேண்டுமானாலும் ஒரு அடி. சண்டையில் அதன் ஒரு அடியை ஸ்டாக்கில் ஏற்றிவிட்டு, உடனே பலி கொடுத்து இன்னொரு அடி. ஒரு மானா கிரியேச்சர் 2/2-ஐக் கொன்றுவிட்டுப் போகும். பெங்களூரில் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ராத்திரி முழுக்க இதே ஆட்டம்.

செவ்வாய்ப்பேட்டை:

அண்ணா, நீங்கள் சொல்வது நீங்கள் ஆடிய காலத்துக்குச் சரி. 1999-ல் ஆறாம் பதிப்பு விதிகளோடு அந்த முறை வந்தது. 2009 ஜூலையில் மேஜிக் 2010 செட்டோடு எடுத்துவிட்டார்கள். இப்போது சண்டை டேமேஜ் ஸ்டாக்கில் ஏறுவதே இல்லை. பிளாக் சொன்ன பிறகு இன்ஸ்டன்ட் போட வாய்ப்பு உண்டு. அது முடிந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்கும். நடுவில் யாரும் நுழைய முடியாது.

ஃபனாடிக்கை இன்று பலி கொடுத்தால் அது சண்டையில் அடிக்காது. ஒன்றா மற்றதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேட்டூர் ரோடு:

அப்படியா. பத்து வருஷம் ஆடிய பழக்கம், கை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. சொன்னதற்கு நன்றி தம்பி. போன மாதம் அக்கா பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் இந்த வாரமே திருத்திவிடுகிறேன்.

யோசித்துப் பார்த்தால் புதிய முறைதான் நியாயமாகத் தெரிகிறது. ஓங்கிய கை இல்லாமல் போன பிறகும் அடி மட்டும் காற்றில் வந்து விழுவது அப்போதே எங்களில் பாதிப் பேருக்குப் புரியாமல் இருந்தது. விட்டுக்கொடுக்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. அதில் அவ்வளவு நுணுக்கம் இருந்தது.

குகை:

நான் யூகியோ என்ற சீட்டாட்டத்தின் ஆள். சேலத்தில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூட வாசலில் ட்ரம்ப் கார்டில்தான் ஆரம்பித்தோம். மல்யுத்த வீரர் படம் போட்டிருக்கும். உயரம், எடை, மார்பளவு என்று ஒன்றைச் சொல்லவேண்டும், பெரிய எண் வைத்திருப்பவனுக்கு இரண்டு சீட்டும். யூகியோவுக்குப் போனபோது அது எனக்கு அப்படியே பழகிய ஆட்டமாக இருந்தது.

அங்கே காயம் என்ற ஒன்றே சீட்டின் மேல் தங்காது. இரண்டும் அட்டாக் நிலையில் இருந்தால் இரண்டின் அட்டாக் எண்ணையும் ஒப்பிடுவார்கள். 1800 வந்து 1500-ஐ மோதினால் 1500 அழியும், வித்தியாசம் 300 அதன் சொந்தக்காரரின் லைஃப் பாயின்ட்டில் (ஆட்டக்காரரின் உயிர்க்கணக்கு) கழியும். 1800-க்கு ஒரு கீறலும் இல்லை. சமமாக இருந்தால் இரண்டும் போகும். இரண்டுமே சைபராக இருந்தால் மட்டும் எதுவும் அழியாது.

மோதப்படுவது டிஃபன்ஸ் நிலையில் படுத்திருந்தால் அதன் இன்னொரு எண்ணைப் பார்க்க வேண்டும். 1900 அட்டாக் வந்து 2000 டிஃபன்ஸை மோதினால் அடித்தவருக்கே 100 போகும், ஆனால் இரண்டு மான்ஸ்டரும் உயிரோடு இருக்கும். டிஃபன்ஸ் உடைந்தாலும், துளைத்துப் போகும் சக்தி இல்லாவிட்டால், பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஆரம்பத்தில் 8000 பாயின்ட். ப்ளூ ஐஸ் டிராகனின் 3000, அட்டாக் நிலையில் நிற்கும் 300 குரிபோவை மோதினால் ஒரே அடியில் 2700 போய்விடும்.

அதாவது நாலுரோடு சொன்ன "பக்கத்தில் சேரும் குறிப்பு" எங்களிடம் கிடையாது. பத்து 1000 சேர்ந்து வந்தாலும் ஒரு 3000-ஐ மோதிக் கொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போய்ச் சாகும். ஆகவே பெரிய மான்ஸ்டரை இறக்குவது, இல்லாவிட்டால் மந்திரச் சீட்டு, பொறிச் சீட்டால் அதை அகற்றுவது, இந்த இரண்டைச் சுற்றித்தான் எங்கள் ஆட்டம். இங்கே எழுதியதைப் படிக்கும்போது முதல் தடவையாக மேஜிக் ஆடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சின்னதுகள் சேர்ந்து பெரியதைச் சாய்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கொண்டலாம்பட்டி அம்மா:

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்த வழியை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு எட்டு. "டேமேஜ் கழிவதில்லை, பக்கத்தில் சேர்கிறது" என்று வாயால் சொல்லிப் பார்த்தேன். ஏறவே இல்லை. அப்புறம் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை எடுத்து வந்தேன். ஒரு அடிக்கு ஒரு கொட்டை, சீட்டின் மேல். கொட்டையின் எண்ணிக்கை இரண்டாவது எண்ணைத் தொட்டால் சீட்டு போய்விடும். டர்ன் முடிந்ததும் மேசை முழுக்கக் கையால் ஒரு வழி. எல்லாக் கொட்டையும் கிண்ணத்துக்குள். சின்னவளுக்கு அந்த வழிக்கும் வேலைதான் ஆட்டத்திலேயே பிடித்தது. தன் டர்ன் இல்லாவிட்டாலும் அவள்தான் வழிப்பாள்.

ஒரு பிரச்சினை வந்தது. +1/+1 கவுண்டர்களையும் (இரண்டு எண்ணையும் ஒன்று கூட்டுபவை) கொட்டையாகவே வைத்தேன், வழிக்கும்போது அவையும் போய்விட்டன. அவை போகக்கூடாது, அவை சீட்டோடு இருப்பவை. அதனால் +1/+1-க்குச் சோழி. -1/-1 கவுண்டருக்குப் பழைய கொலுசிலிருந்து உதிர்ந்த மணிகள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் கொலுசு வேலை, மணிக்குப் பஞ்சமில்லை. கொட்டை மட்டும் வழிக்கப்படும், சோழியும் மணியும் தங்கும்.

இப்படி வைத்த பிறகு விதர் என்ற சக்தியைப் புரியவைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 2008-ல் ஷேடோமூர் செட்டில் வந்தது அது. விதர் உள்ள கிரியேச்சர் இன்னொரு கிரியேச்சரை அடித்தால் கொட்டைக்குப் பதில் மணி. பெரியவன் உடனே சொன்னான்: "அப்போ இது போகிமான் மாதிரி, காயம் தங்கும்மா." தங்குவது மட்டும் இல்லை, கண்ணு, இது நிஜமாகவே எண்ணைக் குறைக்கிறது, அடுத்த தடவை அடிக்கும் பலமும் போகிறது என்றேன். 3/3 இரண்டு மணி வாங்கினால் அது உண்மையிலேயே 1/1.

காப்பித்தோட்டம்:

அம்மா, இந்தப் புளியங்கொட்டை முறை அருமை. வழிக்கும் கை ஒன்றிலேயே எனக்கு மேஜிக் விளங்கிவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். டஃப்னஸ் சைபரானால் சாவதும், அடிபட்டுச் சாவதும் ஒன்றுதானா?

நாலுரோடு:

ஒன்று இல்லை. பணம் கட்டி ஆடும் போட்டிகளில்கூட ஆட்கள் தவறுவது இங்கேதான்.

சேர்ந்த அடி டஃப்னஸைத் தொட்டால் கிரியேச்சர் அழிக்கப்படுகிறது. விதி 704.5-ல் ஜி பிரிவு. டஃப்னஸே சைபர் அல்லது அதற்குக் கீழே போனால் அது அழிக்கப்படுவதில்லை, நேராக கிரேவ்யார்டில் வைக்கப்படுகிறது. அது எஃப் பிரிவு. "அழிக்கப்படாது" என்ற இன்டிஸ்ட்ரக்டிபிள் சக்தி முதல் வகைக்குத்தான் கவசம். அதன் மேல் நூறு புளியங்கொட்டை கொட்டினாலும் நிற்கும். ஆனால் 4/4 இன்டிஸ்ட்ரக்டிபிளுக்கு -4/-4 கொடுத்தால் போய்விடும். கறுப்பு டெக்குக்காரர்களுக்கு (கறுப்பு நிறச் சீட்டுகளில் கட்டு கட்டுகிறவர்களுக்கு) எண்ணைக் குறைக்கும் அந்தச் சீட்டுகள் அவ்வளவு பிடித்திருப்பது இதனால்தான்.

டெத்டச் மூன்றாவது வழி. அந்தச் சக்தி உள்ளது ஒரே ஒரு அடி கொடுத்தாலும் போதும், எதிரில் இருப்பது 1/10 ஆனாலும் அழியும். ஆனால் அதுவும் அழிப்புதான், எனவே இன்டிஸ்ட்ரக்டிபிளை ஒன்றும் செய்யாது.

டெத்டச்சும் டிராம்பிளும் ஒரே கிரியேச்சரிடம் சேர்ந்தால் எதிராளிக்குக் கஷ்டகாலம். டிராம்பிள் என்றால் பிளாக் செய்தவரைக் கொல்லப் போதுமான அடியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எதிராளி மேலேயே இறக்கலாம். 6/6-ஐ 2/2 பிளாக் செய்தால் நான்கு உள்ளே போகும். டெத்டச் இருந்தால் "போதுமான அடி" என்பது ஒன்றுதான். எனவே ஐந்து உள்ளே போகும். பிளாக் செய்தது 2/2 ஆனாலும் 5/5 ஆனாலும் அதே ஐந்து.

டிராம்பிள் கணக்கில் ஏற்கனவே இருக்கும் காயமும் சேரும். பிளாக் செய்யும் 2/4 மேல் அந்த டர்னிலேயே மூன்று அடி இருந்தால் அதற்கு இன்னும் ஒன்று ஒதுக்கினால் போதும். அதன் டஃப்னஸ் குறைந்துவிட்டதா என்றால், இல்லை, நான்குதான். கொல்ல எவ்வளவு வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் காயத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை:

பல பேர் சேர்ந்து பிளாக் செய்யும்போது எப்படி அடிப்பது என்பதும் சமீபத்தில் மாறியிருக்கிறது. முன்பு அட்டாக் செய்தவர் பிளாக்கர்களை வரிசைப்படுத்த வேண்டும். முதல் ஆளைக் கொல்லப் போதுமானதை ஒதுக்காமல் இரண்டாவது ஆளுக்குப் போக முடியாது. வரிசை முன்னாலேயே தெரிந்துவிடுவதால், முதல் ஆள் மேல் ஜயண்ட் க்ரோத் போட்டு அடி எல்லாவற்றையும் அதிலேயே கரைத்துவிடலாம். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் செட்டோடு அந்த வரிசையை எடுத்துவிட்டார்கள். இப்போது அடி விழும் நேரத்தில் அட்டாக் செய்தவர் இஷ்டப்படி பிரித்துக்கொள்ளலாம். மேட்டூர் ரோடு அண்ணா, அக்கா பையனுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அயோத்தியாப்பட்டணம்:

நான்தான் அந்த மச்சான். எல்லாவற்றையும் படித்தேன். கரடி பிழைத்தது, ஒத்துக்கொள்கிறேன். மாமா, அந்த ஆட்டம் உங்களுக்குத்தான்.

இப்போது என் கேள்வி. என் கையில் அன்று ஒரு -2/-2 இன்ஸ்டன்ட் இருந்து, அதற்கு மானாவும் இருந்திருந்தால்? எப்போது போட்டிருக்க வேண்டும்?

நாலுரோடு:

மூன்று இடம் இருக்கிறது. மூன்றிலும் கரடி சாகும். ஆனால் உங்கள் ஹில் ஜயண்ட்டின் கதி வேறு வேறு.

அடி விழுந்த பிறகு, டர்ன் முடிவதற்குள் போட்டால்: 5/5 கரடி 3/3 ஆகிறது, மேலே மூன்று அடி இருக்கிறது, சாகும். ஹில் ஜயண்ட் அதற்கு முன்பே போய்விட்டது.

ஜயண்ட் க்ரோத் வேலை செய்த பிறகு, அடி விழுவதற்கு முன்னால் போட்டால்: 3/3-ம் 3/3-ம் மோதுகின்றன. இரண்டும் சாகும்.

ஜயண்ட் க்ரோத் ஸ்டாக்கில் இருக்கும்போதே, அதற்கு எதிர்வினையாகப் போட்டால்: உங்கள் சீட்டு முதலில் வேலை செய்யும். கரடி 2/2-லிருந்து 0/0. அந்த நொடியே கிரேவ்யார்டு. ஜயண்ட் க்ரோத்துக்குக் குறி இல்லாமல் போய்விட்டது, அதுவும் வீண். ஹில் ஜயண்ட் மேல் ஒரு கொட்டைகூட விழவில்லை.

அஸ்தம்பட்டி:

மச்சான், இதைப் படித்த கையோடு கறுப்பு டெக் கட்ட உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். தட்டுவடை செட் நான் வாங்கி வைக்கிறேன். புளியங்கொட்டை நீங்கள் கொண்டுவாருங்கள்.

அயோத்தியாப்பட்டணம்:

பாதி கட்டியாயிற்று மாமா. நாலு மணிக்கு வந்துவிடுகிறேன்.